தேடாத பூஜ்ஜியம்

“இன்னைக்கு எத்தனை?” 2020 கோடையில் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு முன்னும் பின்னும் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மாலை ஆறு மணி சுமாருக்குச் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும். ஐந்து நிமிடத்தில் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடும். முன்பக்கங்களில் கட்டம் போட்ட எண்கள்: இன்று கொரோனா தொற்று உறுதியானவர்கள், குணமாகி வீடு திரும்பியவர்கள், பரிசோதனைகள், மாவட்டவாரிப் பட்டியல். கடைசிப் பக்கங்கள் வரை போனவர்கள் குறைவு. இறந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். பெயர் இருக்காது. சென்னையைச் சேர்ந்த இத்தனை வயது ஆண், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தது, இந்தத் தேதியில் மூச்சுத்திணறலோடு சேர்க்கப்பட்டார், இந்தத் தேதி அதிகாலையில் இறந்தார். ஒருவருக்கு இரண்டு மூன்று வரி, அடுத்தவருக்கு இரண்டு மூன்று வரி. தட்டச்சு செய்தவருக்கு அது அன்றாட அலுவல். ஆனாலும் அந்த ஆண்டு எழுதப்பட்டவற்றில் நான் மதிப்பவற்றில் அந்தப் பக்கங்களுக்கும் இடமுண்டு. ஆள் யாரென்று தெரியாமலேயே ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்.

அந்தப் பட்டியலும் முழுமையாக இருக்கவில்லை. ஜூன் மாதம் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் அரசின் அறிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதது வெளியே வந்தது. குழு போட்டார்கள். ஜூலை 22 அன்று, விடுபட்டுப்போயிருந்த 444 மரணங்களை ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள். மறைத்தார்கள் என்று ஒரு தரப்பு, திருத்தினோம் என்று மறு தரப்பு, இரண்டு நாள் வாக்குவாதம். அந்த 444 வீடுகளை யாராவது நினைத்தார்களா தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியமோ நாற்பதாம் நாள் ஜெபமோ எல்லாம் முடிந்து, இறந்தவரின் சட்டைகளை யாருக்காவது கொடுத்தும் முடிந்த பிறகு, உங்கள் வீட்டில் நடந்தது உண்மைதான் என்று அரசு ஒத்துக்கொள்கிறது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. வூகான் நகரம் ஏப்ரல் 17 அன்று 1,290 மரணங்களைச் சேர்த்து மொத்தத்தை 3,869 ஆக்கியது. பிரிட்டன் எதிர்த்திசையில் போனது: தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தால்தான் கணக்கு என்று ஆகஸ்டில் விதியை மாற்ற, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டன. அதே நாட்டில் அக்டோபர் தொடக்கத்தில் 15,841 தொற்றாளர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போயிருந்தது தெரியவந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்றிருக்கும். தகவலை ஏற்றிய எக்ஸெல் கோப்பு பழைய வகை. 65,536 வரிசையோடு அதன் பக்கம் முடிந்துவிடும். பக்கம் முடிந்தது, அதற்குமேல் இருந்தவர்கள் உதிர்ந்துபோனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையும் அத்தனை நாள் பிந்தியது.

இந்த எண்களின் இரைச்சலில் அந்த ஆண்டின் மற்றச் சம்பவங்களெல்லாம் ஏதோ பக்கத்து வீட்டு வானொலி போலத்தான் கேட்டன. ஆஸ்திரேலியக் காடுகள் எரிந்ததோடுதான் ஆண்டு பிறந்தது. கென்யாவில் எழுபது ஆண்டுகளில் காணாத வெட்டுக்கிளிப் படை. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், பீப்பாயை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு விற்பவரே 37 டாலர் கொடுக்கும் நிலை. ஒலிம்பிக் தள்ளிப்போனது. கல்வானில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில், ஆர்க்டிக் வட்டத்துக்குள், 38 டிகிரி வெயில். நாகோர்னோ கராபாக்கில் 44 நாள் போர். சாதாரண ஆண்டாக இருந்திருந்தால் இதில் ஒவ்வொன்றும் ஆறு மாதம் பேசப்பட்டிருக்கும்.

எனக்குள் விடாமல் நின்றது பெய்ரூட். ஆகஸ்ட் 4 மாலை அந்தத் துறைமுகத்தில் நடந்ததைக் கைபேசியில் பார்க்காதவர் இல்லை: முதலில் புகை, பிறகு வெள்ளையாக உப்பும் ஒரு குமிழி, அடுத்த நொடி படம் எடுத்துக்கொண்டிருந்தவரே தூக்கியெறியப்படுகிறார். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் வீடு இழந்தார்கள். வெடித்தது அம்மோனியம் நைட்ரேட். அங்கே எவ்வளவு வைக்கப்பட்டிருந்தது என்று உடனே தெரிந்துவிட்டது: 2,750 டன். அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. இடிபாட்டில் உயிர்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சரக்கின் எடை மட்டும் தயாராக இருந்தது. ஏனென்றால் அது கோப்பில் பல ஆண்டுகளாக எழுதப்பட்டிருந்தது. 2013இல் ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போகக் கிளம்பிய ரோசஸ் என்ற ஓட்டைக் கப்பல் பெய்ரூட்டில் ஒதுங்கியது. கடலில் செல்லத் தகுதியில்லை என்று நிறுத்தினார்கள். உரிமையாளர் கைகழுவினார். சரக்கு 12ஆம் எண் கிடங்குக்குப் போனது. இதை என்ன செய்வது என்று சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்கள். கடிதங்கள் ஒழுங்காகக் கோப்பில் சேர்ந்தன.

அந்தச் செய்தி சூடாறுவதற்குள் சென்னையிலும் ஒரு கணக்கு வெளியே வந்தது. மணலி அருகே, சுங்கத் துறை 2015இல் பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் சுமார் 700 டன், கன்டெய்னர்களில், ஐந்து ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது என்றார்கள். அந்தப் பக்கத்தில் குடியிருப்புகள் உண்டு. சில நாட்களில் ஏலம் விட்டு, லாரிகளில் ஏற்றி, ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் நடக்காதது ஆகஸ்ட் முடிவதற்குள் நடந்தது. லெபனான்காரர்கள் உயிரைக் கொடுத்து நமக்கு ஒரு கோப்பைத் திறந்துவைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் கணக்கு சரியாக இருந்தால் போதும் என்று என்னால் நம்ப முடியவில்லை. பெய்ரூட்டில் கிலோ சுத்தமாகக் கணக்கு இருந்தது. அது யாருடைய தலைவலி என்பதுதான் தீர்மானமாகவில்லை. எதையாவது எண்ணினால், அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எண்ணாமலே விட்டுவிட்டால் அந்த ஆளே தேவைப்படாது. இந்த இரண்டாவது வசதி எவ்வளவு பெரியது என்பதை அதே ஆண்டில், நம் நாட்டிலேயே பார்த்தோம்.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. நகரங்களில் கூலி வேலை செய்தவர்களுக்கு அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பேருந்து கூடக் கிடைக்கவில்லை. நடந்தார்கள். டெல்லியிலிருந்து பிகாருக்கு, மும்பையிலிருந்து உத்தரப் பிரதேசத்துக்கு. சென்னையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்களும் மே மாத வெயிலில் கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர எல்லையை நோக்கி நடந்தார்கள். மெட்ரோ தூண்களையும் அடுக்குமாடிகளையும் கட்டிய கைகளில் ஒரு பெயின்ட் டப்பாவில் தண்ணீர். மே 8 விடிகாலை, மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் இரும்பு ஆலைத் தொழிலாளர்களாக இருந்த மத்தியப் பிரதேசத்துக்காரர்கள் தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கியிருந்தார்கள். சாலையில் போனால் போலீஸ் பிடிக்கும். ரயில்தான் ஓடவில்லையே என்ற நம்பிக்கை. சரக்கு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஔரங்காபாத் அருகே 16 பேர் இறந்தார்கள். வழிக்கென்று கட்டிவைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்துக்கு நடுவே, ஜல்லிக் கற்களின் மேல் சிதறிக் கிடந்தன. அந்தப் படம் பல நாட்கள் பலரைச் சாப்பிட விடவில்லை.

செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றம் கூடியபோது கேள்வி வந்தது: ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள்? அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா? அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்றது தொழிலாளர் துறை. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கும் மேல் என்று மாநிலவாரியாகச் சொல்ல அதே துறையால் முடிந்தது. ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது, போய்ச் சேராதவர்களுக்கு இல்லை. சில நாள் கழித்து ரயில்வே துறை மாநிலங்களவையில் சொன்னது: தொழிலாளர் சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்தார்கள். ஒரே அரசு, ஒரே வாரம். இதில் சூழ்ச்சி ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சூழ்ச்சிக்கு உழைப்பு வேண்டும். இதற்கு எதுவுமே செய்யாமல் இருந்தால் போதும்.

மறு ஆண்டு ஜூலையிலும் இதே குரல் கேட்டது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்ற இரண்டாம் அலை ஓய்ந்த கையோடு, ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் பதில் வந்தது. சொல்லுக்குச் சொல் அது பொய்யில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை, கட்டம் இல்லாததால் யாரும் நிரப்பவில்லை, நிரப்பாததால் பூஜ்ஜியம்.

அரசுகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகரவும் மனம் வரவில்லை. சென்னையில் ஒரு வீட்டில் தொற்று என்றால் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அந்தத் தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்த குடும்பங்கள் எத்தனையோ. “டெஸ்ட் எடுக்காதீங்க, தகரம் அடிச்சிடுவாங்க” என்று அக்கறையாகப் புத்தி சொன்னவர்களை நானே கேட்டிருக்கிறேன். எண்ணப்படுவதற்கு ஒரு விலை இருந்தால் மக்கள் எண்ணிக்கையிலிருந்து ஒளிந்துகொள்வார்கள். அதுவும் அந்தப் பூஜ்ஜியத்துக்குள் போய்ச் சேரும்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது காவல் துறையின் முதல் அறிக்கையைப் படித்தால் நடந்தது ஒரு மருத்துவச் சம்பவம். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கைபேசியைத் தாழ்த்தாமல் பிடித்திருந்ததால்தான் உலகத்துக்கு வேறொன்று தெரிந்தது. கழுத்தின் மேல் காவலரின் முழங்கால் இருந்தது 8 நிமிடம் 46 நொடி என்று முதலில் சொன்னார்கள். அத்தனை நேரம் உலகமெங்கும் மண்டியிட்டு நின்றார்கள். விசாரணையில் அது 9 நிமிடம் 29 நொடி என்று தெளிவானது. ஒரு மாதம் கழித்துச் சாத்தான்குளம். ஊரடங்கில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்றே முதலில் சொல்லப்பட்டது. நீதித்துறை நடுவர் நேரில் போய் விசாரித்தார். அதே காவல் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் இரவு நடந்ததைச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி மூடியிருந்த இரண்டு பக்கங்களை, பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திறந்தார்கள். இப்படி ஒருவர் நிற்காத இடங்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத்தான் நாம் அமைதி என்று எழுதிக்கொள்கிறோம்.

நூறு ஆண்டுக்கு முந்தைய பெரிய காய்ச்சலும் அப்படித்தான் எழுதப்பட்டது. 1918இல் போர்க் கப்பல்களோடு பம்பாயில் இறங்கிய அந்தத் தொற்றில் இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என்று பலவாறாகக் கணிக்கிறார்கள். கணிப்பில் எண்பது லட்சம் உயிர்களுக்கு இடைவெளி! நம் ஊர்களில் எங்காவது அதற்கு ஒரு நடுகல் உண்டா? சாட்சியாக நின்றது 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1911இல் 25.2 கோடியாக இருந்த நாடு பத்து ஆண்டில் வளராமல் 25.1 கோடியாகச் சுருங்கியிருந்தது. இந்தியாவின் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான். இந்தத் தடவை அந்தச் சாட்சியும் வரவில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று தொடங்க வேண்டிய வீட்டுப் பட்டியல் வேலை தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது. இரண்டாம் உலகப் போருக்கு நடுவே 1941இல்கூட எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு 2021இல் எடுக்கப்படவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகமெங்கும் 54 லட்சம் பேர் இறந்ததாக நாடுகள் சொல்ல, உலகச் சுகாதார நிறுவனம் 1 கோடியே 49 லட்சம் என்று கணித்தது. அதில் மிகப்பெரிய பங்கு இந்தியாவுக்கு. கணித்த முறையே தவறு என்று இந்தியா மறுத்தது. மறுப்பு சரியாகவே இருக்கட்டும். எடுத்துக் காட்ட நம்மிடம் வேறு எண் என்ன இருந்தது?

2020 ஆகஸ்ட் 25க்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அன்று தொற்று ஆறாயிரத்தை ஒட்டி இருந்தது. வேறெதையும் கவனிக்க நமக்கு நேரமில்லை. ஆப்பிரிக்காவில் இயற்கையான போலியோ வைரஸ் ஒழிந்துவிட்டது என்று அன்றுதான் சான்றளித்தார்கள். 1996இல் நெல்சன் மண்டேலா அந்த இயக்கத்தைத் தொடங்கியபோது அந்தக் கண்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 75,000 குழந்தைகளுக்குக் கால் விளங்காமல் போய்க்கொண்டிருந்தது. அது பூஜ்ஜியத்துக்கு வந்திருந்தது. ஆனால் அந்தப் பூஜ்ஜியத்துக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. 2015இலேயே நைஜீரியாவைப் போலியோ நாடுகளின் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். ஓராண்டுக்கு மேலாக ஒரு குழந்தைக்கும் வரவில்லையே! 2016 ஆகஸ்டில் போர்னோ மாநிலத்தில் இரண்டு குழந்தைகள் போலியோவில் விழுந்தார்கள். வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது அது 2011இல் அதே மாநிலத்தில் கடைசியாகக் கண்ட வைரஸின் வழி. ஐந்து ஆண்டுகள் அது குழந்தைக்குக் குழந்தை தாவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போகோ ஹராம் தீவிரவாதிகளின் பிடியில் இருந்த கிராமங்களுக்குள் யாரும் போக முடியவில்லை. போகாத இடத்திலிருந்து செய்தி வரவில்லை. செய்தி வராததைப் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தார்கள்.

அதன் பிறகு போலியோ ஒழிப்புப் பணியாளர்கள் நடத்திய தேடல்தான் எனக்கு 2020இன் மிகப் பெரிய சம்பவம். விண்வெளிப் படங்களில் எங்கே கூரை தெரிகிறது என்று பார்த்து ஒவ்வொரு குடியிருப்பையும் பட்டியலிட்டார்கள். போக முடியாத இடங்களுக்குப் போர்வீரர்களிடம் சொட்டு மருந்துப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். சாட் ஏரித் தீவுகளுக்குப் படகில் போனார்கள். போலியோக் கண்காணிப்பில் பழைய விதி ஒன்று உண்டு. நம் நாட்டிலும் 2011 ஜனவரியில் ஹௌராவில் கடைசி நோயாளியைக் கண்டது வரை, கண்ட பிறகும், அந்த விதிதான் நடந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தாலும், காரணம் போலியோவாக இருக்க வாய்ப்பே இல்லாவிட்டாலும், உடனே தெரிவிக்க வேண்டும். பதினான்கு நாட்களுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வேறு காரணங்களால் இப்படித் தளர்ந்துபோகிற குழந்தைகள் எந்த ஊரிலும் கொஞ்சம் இருப்பார்கள். ஆகவே ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒருவராவது, நோய் நடமாடும் நாடுகளில் இருவராவது, போலியோ இல்லாத தளர்வுக்காரராகப் பிடிபட வேண்டும். பிடிபடவில்லை என்றால் அந்த மாவட்டத்தின் பூஜ்ஜியத்தை ஏற்க மாட்டார்கள். அங்கே நோய் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அங்கே யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

நான் அறிந்த எந்த நிர்வாகத்திலும் இதைப்போல ஓர் ஏற்பாட்டைப் பார்த்ததில்லை. மற்ற எல்லா அலுவலகங்களிலும் புகார் வரவில்லை என்றால் நல்ல பெயர். இங்கே புகார் வராத மாவட்டத்தின் மேல்தான் சந்தேகம். நோயாளி இல்லை என்று எழுதி அனுப்பிய மருத்துவமனைக்கு அதிகாரி நேரில் போவார். வார்டு பதிவேட்டை வாங்கி, பழைய பக்கங்களில் விரல் வைத்து, கால் தளர்ச்சி என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தானே தேடுவார். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு, ஒன்று இருக்கிறது என்று சொல்வதைவிட அதிக ஆதாரம் கேட்கிற முறை இது. நாடாளுமன்றத்தில் செப்டம்பரில் ‘தரவு இல்லை’ என்ற பெயரில் வைக்கப்பட்ட பூஜ்ஜியமும் மூன்று வாரத்துக்கு முன் ஆப்பிரிக்கா பெற்ற பூஜ்ஜியமும் தாளில் ஒரே வட்டம்தான். ஒன்றின் பின்னால் ஒரு கண்டத்தையே சல்லடை போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். மற்றொன்றின் பின்னால் யாரும் இல்லை. மலாவியில் 2022இல் பாகிஸ்தான் வழி வந்த போலியோ வைரஸ் ஒரு குழந்தையிடம் கண்டுபிடிக்கப்பட்டதே, அதுகூட அந்தத் தேடலை நிறுத்தாததால்தான். தடுப்பு மருந்தின் வைரஸிலிருந்து திரிந்து உண்டாகிற இன்னொரு வகை இன்றும் அங்கே இருக்கிறது. அதையும் அவர்களே தேடி அவர்களே சொல்கிறார்கள்.

நடந்து செத்தவர்களுக்கு இந்த முறை சாத்தியமா என்று கேட்கலாம். சாத்தியம்தான். சுங்கச்சாவடிகளில் கேமரா உண்டு. தாலுகா மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனைப் புத்தகம் உண்டு. ரயில்வே காவல் நிலையங்களில் அடையாளம் தெரியாத சடலங்களுக்கென்று பதிவேடே உண்டு. ஒரு மாவட்டத்துக்கு ஒரு ஆள் ஒரு மாதம் உட்கார்ந்து மார்ச் 25 முதல் மே கடைசி வரையான பக்கங்களைப் புரட்டியிருந்தால், முழு எண் கிடைக்காவிட்டாலும், பூஜ்ஜியம் நின்றிருக்காது. ஔரங்காபாத் 16 பேரின் கணக்கு நமக்கு இவ்வளவு துல்லியமாகக் கிடைத்ததில் ஒரு ரயில்வே விதிக்கும் பங்கு இருந்திருக்கும்: தண்டவாளத்தில் யார் அடிபட்டாலும் ஓட்டுநர் நிலைய அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் மே மாத வெயிலில் சுருண்டு விழுந்தவரைக் கடந்துபோன லாரிக்காரருக்கு அப்படி ஒரு விதி இல்லை.